விகோலின் வாய்படாத தண்ணீர்

ரொகோசு ஊரின் நாற்சந்தியில் விகோலின் நீல வேன் வந்து நின்றால் அன்றைக்குத் திருவிழாதான். கோழியைக் காலைக் கட்டித் தூக்கியவர்கள், பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றியவர்கள், பிளம் சாராயத்தைக் கக்கத்தில் இடுக்கியவர்கள் என்று வரிசை தேவாலய வாசல்வரை நீளும். பாதிரியாருக்கு வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இதில் பாதிக் கூட்டம்கூட வந்ததில்லை.

விகோல் விற்றது தண்ணீர். சாதாரணத் தண்ணீரா என்ன? ஒன்பது ஊற்றுகளில், விடியுமுன், ஒரு குருவிகூட வாய் வைப்பதற்கு முன்னால் பிடித்த வாய்படாத தண்ணீர்! மக்காச்சோளத்தின் மேல் விழுந்த கண்ணேற்றைக் கழுவிவிடும். கண் பட்டதா இல்லையா என்று பார்க்கவும் வழி வைத்திருந்தார். கிண்ணத் தண்ணீரில் ஒரு நெருப்புக் கங்கைப் போடுவார். மூழ்கினால் கண் பட்டிருக்கிறது, மிதந்தால் இல்லை. இதுவரை ஒரு கங்கும் மிதந்ததில்லை. கங்குக்கும் முதலாளி யாரென்று தெரிந்திருந்தது.

போன வருடம் ஊர்ச் சோளமெல்லாம் மஞ்சளடித்து, விரல் நீளக் கதிரோடு நின்றது உண்மை. விதைத்த கையோடு ஊரே இத்தாலிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் காட்டுத்தினையும் முள்கீரையும் சோளத்தின் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. அப்புறம் வெட்டி என்ன பயன்? இளம்பயிர் குடிக்க வேண்டிய தண்ணீரையும் தின்ன வேண்டிய உரத்தையும் களை முன்பே காலி செய்திருந்தது. ஊரோ, கண் பட்டுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டது. பார்ப்பதற்கு ஊரில் ஆளே இல்லாதபோது யார் கண் பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சம்ஃபிரா கேட்டாள். அவளுக்குக் கேட்டே ஆக வேண்டிய நிலைமை. வீட்டுக் கிழப்பசுவுக்கு மடி வற்றிவிட்டது. குளிர்காலத்தில் பிள்ளைகளின் சோளக்களிக்குப் பால் வேண்டுமென்றால் சினைக்கிடாரி ஜோயானா கன்று போட வேண்டும். அந்த ஜோயானாவைத்தான் அவள் புருஷன் துதோசி தண்ணீருக்கு விலையாகப் பேசிவிட்டு வந்து நின்றான். நடுக்கோடையில் வரும் எலியா திருநாளன்று சோளம் தழைத்து நின்றால், கிடாரியை விகோல் ஓட்டிக்கொண்டு போவார்.

"தண்ணிக்கு மாட்டையா குடுப்பாங்க? உனக்கென்ன புத்தி பேதலிச்சிருச்சா?"

"வாயக் கழுவுடி. பெரிய மனுஷன் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாரு. சோளம் மூணு இலை விட்டதுலேர்ந்து இடுப்பு உசரம் வர்ற வரைக்கும் ஊடால ஒரு புல்லு இருக்கப்படாதாம். கண்ணேறு புல்லு மேலதான் குந்துமாம்."

"ஓகோ! களையெடுக்கறது நாம. மாடு அவருக்கு."

"உனக்கு எல்லாத்துலயும் குத்தம்."

சம்ஃபிரா மூலையில் கிடந்த களைக்கொட்டைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "சரிய்யா. வயல ரெண்டாப் பிரிப்போம். நல்ல மண்ணு இருக்கற ஆத்துப்பக்கம் உனக்கு. தண்ணி பூராவும் உனக்கே. மேட்டுப்பக்கத்த எனக்கு விடு. எனக்கு ஒரு சொட்டு வேணாம், என் களைக்கொட்டு போதும்."

"என் பக்கத்துக் களைய யாரு எடுப்பா?"

"அம்புட்டு சக்தியுள்ள தண்ணி, போயும் போயும் புல்லுகிட்டயா தோத்துப்போவும்?"

துதோசிக்கு நாள்பட்ட முதுகுவலி. இந்த வாதம் அவன் மூளையை விட அவன் முதுகுக்கு மிகவும் பிடித்துப்போனது.

இந்த வருடம் ஒருவரும் இத்தாலிக்குக் கிளம்பவில்லை. விகோல் சொல்லிவிட்டாரே! ஊரே இடுப்பொடியக் குனிந்து, ஒரு புல் விடாமல் கொத்தியது. கொத்தி முடித்ததும் பயபக்தியோடு தண்ணீரைத் தெளித்தது. சோளம் கருகருவென்று எழுந்தது. எல்லாம் விகோலின் மகிமை!

"ஏன்டி, தண்ணி தெளிக்காம வெறுமனே கொத்திக்கிட்டுக் கெடக்கற? வெளங்குமா?" என்று பக்கத்து வயல் பரஸ்கிவா வரப்பில் நின்று கேலி செய்தாள். சம்ஃபிரா நிமிரவில்லை. அந்தப் பக்கம் துதோசி பாட்டில் பாட்டிலாக ஊற்றினான். களைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துக் கொழுத்தன. அவற்றின் மேல் யார் கண்ணும் பட்டதாகத் தெரியவில்லை.

எலியா திருநாள் வந்தது. விகோல் கையில் கயிற்றோடு வந்தார். பின்னால் ஊர் வந்தது. வயலில் ஒரு பாதி ஆள் உயரத்துக்குப் பச்சை. மறு பாதி களைக்குள் மூச்சுமுட்டி மஞ்சளாக நின்றது. விகோலின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மக்களே! ஒரே வயல், ஒரே விதை! தண்ணி பட்ட பக்கம் பச்சை. படாத பக்கம் கண்ணேறு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. விகோல் வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஜோயானாவின் கழுத்தில் கயிற்றை மாட்டினார். துதோசி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான்.

"ஐயா... பச்சையா இருக்கறது இவ பாதிங்க. அதுல ஒரு சொட்டு விழல. தண்ணி பூராவும் என் கையாலயே இந்த மஞ்சப் பக்கந்தான் ஊத்துனேன்."

விகோலின் கை கயிற்றில் அப்படியே நின்றது. ஆனால் தொழில் தெரிந்த ஆள். "களையெடுத்தியா நீ?"

"இல்லீங்க."

"பின்ன எப்படிப் பலிக்கும்? படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

அதானே, என்று கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஏமாந்தது துதோசி மட்டும்தான் என்றால் எல்லோருக்கும் சௌகரியம்தானே.

"சரிங்க ஐயா," என்றாள் சம்ஃபிரா. "களையெடுத்துத் தண்ணியும் ஊத்துன பரஸ்கிவா வயலு அதோ. களையெடுத்துத் தண்ணியே ஊத்தாத என் வயலு இதோ. எது ஒசத்தின்னு யாராவது பாத்துச் சொல்லுங்க."

பரஸ்கிவாவே போனாள். தண்டைப் பிடித்துப் பார்த்தாள், கதிரை உரித்துப் பார்த்தாள், திரும்பவும் தன் வயலுக்கு ஓடினாள். வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணு போலத்தான் இருக்கு," என்றாள். பிறகு குரல் ஏறியது. "அப்ப நான் குடுத்த பன்னிக்குட்டி?"

அதன் பிறகுதான் ஊருக்கே அவரவர் கோழி ஞாபகம் வந்தது. விகோல் வேனை நோக்கி நடந்தார், பிறகு ஓடினார். பெண்கள் அவரை விட வேகமாக ஓடினார்கள்.

பின்னால் நின்ற ஒருவன் மட்டும் சம்ஃபிராவின் அருகே வந்து தணிந்த குரலில் கேட்டான்: "அக்கா, அந்தக் களைக்கொட்டு எங்க மந்திரிச்சது? ஒரு நாளைக்குக் குடேன்."

சம்ஃபிராவுக்கு ரத்தம் கொதித்தது. ஜோயானாவின் கழுத்திலிருந்த கயிற்றை உருவி அவன் கையில் திணித்தாள்.

"உங்க வேர்வையத்தான்டா அந்தாளு பாட்டில்ல அடச்சு உங்களுக்கே வித்தான்! மாட்ட இழுத்துக்கிட்டுப் போறதுக்காவது கயிறு வேணும். உங்கள இழுக்க வெறுந்தண்ணி போதும். கொஞ்சம் யோசிங்கடா. யோசிக்கறதுக்கு எவனும் கோழி கேக்க மாட்டான்!"