பதினைந்தாவது நிமிடம் பற்றி அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய பெரியண்ணன் தாக் சாங்ஹூன் அவர்களின் பார்வைக்கு,

யோங்குவாங்கிலிருந்து தம்பி சாங்பே இரண்டு கையாலும் நீட்டும் கடிதம். அண்ணனின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணி அனுப்பிய முள்ளங்கிக் கிம்ச்சி வந்து சேர்ந்தது, தீர்ந்தும் போனது, ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறோம். இத்துடன் நம் கடைக் கருவாடு ஒரு கட்டு, இருபது மீன், அனுப்பியிருக்கிறேன். கடற்காற்று நன்றாக வீசுகிறது, நாங்கள் எல்லோரும் சுகம்.

அண்ணன் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் ஹேசோலை, என் மகன் இன்வூ ஆடுகிற அதே கால்பந்துக் குழு கூப்பிடுகிறது. வயது பதினேழு. பள்ளிக்கூட அணியை விட்டு இந்தக் குளிர்காலமே தொழில்முறை ஆட்டக்காரனாகக் கையெழுத்துப் போடுவதா, அல்லது பள்ளியை முடித்து, பல்கலைக்கழக அணியில் நாலு வருஷம் ஆடி, உடம்பு தேறிய பிறகு போவதா, சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணா, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுவடைத் திருநாள் அன்று, முன்னோருக்குப் படைத்த சோறு ஆறுவதற்குள், இன்வூவைப் பதினெட்டு வயதிலேயே அனுப்பப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "ஈர மீனைப் பெட்டியில அடைக்கிறேடா நீ"ன்னு அத்தனை சொந்தக்காரங்க முன்னாலயும் சொன்னவர் நீங்கள். மீனைப் பற்றி என்னிடமே சொன்னீர்கள். போகட்டும், நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என் பதில் இதுதான். உடனே அனுப்புங்கள். யோசிக்கவே யோசிக்காதீர்கள். திறமை இருக்கிற பிள்ளையை நிறுத்தி வைப்பது பாவம்.

ஆதாரம் கேட்பீர்கள், வாத்தியார் ஆயிற்றே. இந்த இரண்டு பருவத்தில் இன்வூ நாற்பத்தொரு ஆட்டத்தில் தொடக்கத்திலேயே களம் இறங்கியிருக்கிறான். நாட்டுக்காக ஆடின பெரிய பெரிய ஆட்டக்காரரெல்லாம் வெளியே பெஞ்சில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, நம் பையன் உள்ளே ஓடுகிறான். என்ன, பதினாலாவது நிமிஷம் அவனைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். சில நாள் பன்னிரண்டாவது. ஒரு தடவை பதினாலாவது நிமிஷம் முழுசாக முடிகிற வரை விட்டார்கள், அன்றைக்குப் பயிற்சியாளர் நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், மறந்துவிட்டார். இருபத்திரண்டு வயதுக்குக் கீழே உள்ள ஒருவனை முதல் பதினோரு பேரில் இறக்கியே ஆகணும், இல்லாட்டி ஆட்டத்தின் நடுவில் ஆள் மாற்றுகிற உரிமையில் ஒன்றிரண்டு குறைந்துபோகும் என்று கால்பந்துச் சங்கத்தில் விதி இருக்கிறதாம், அதுக்காகத்தான் இவனை இறக்கறாங்கன்னு ஊரில் சில பேர் பேசுகிறார்கள். பேசட்டும். அந்த வயதில் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் பையன்கள் இருக்கிறார்கள், ஏன் இவனை இறக்க வேண்டும்?

முதல் ஆட்டத்துக்கு நாங்கள் பேருந்து பேசிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் கோபமாக இருந்தீர்களே. ஊர் எல்லையில் அவன் பேரைப் போட்டுத் துணிப் பதாகை கட்டி, முப்பத்தாறு பேர் கிளம்பி, வழியில் வாதுமைப் பணியாரம் வாங்க இறங்கின நம் சின்ன அத்தை வேறு பேருந்தில் ஏறிவிட, அவரைத் துரத்திப் பிடித்து, அங்கே போய் உட்காரும்போது ஆட்டம் தொடங்கிப் பதின்மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. உட்கார்ந்த உடனே களத்து ஓரத்தில் ஒருத்தர் விளக்கு எரிகிற பலகையைத் தூக்கிக் காட்டினார், அதில் முப்பத்துமூன்று. நம் பையன் எண். பேருந்தில் வந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நம்ம பிள்ளை எண்ணை விளக்குப் போட்டுக் காட்டறாங்க பாருன்னு அத்தை அழுதுவிட்டார். அது அவனை வெளியே கூப்பிடுகிற பலகை என்று எனக்குத் தெரியும் அண்ணா. அத்தனை பேரை உட்காரச் சொல்ல மனசு வரவில்லை. நானும் எழுந்து கைதட்டினேன்.

இப்போதெல்லாம் மாதர் சங்கப் பெண்கள் ஊர்க்கூடத்தில் தொலைக்காட்சி வைத்து, வெங்காயத்தாள் அடை சுட்டுக்கொண்டே பார்க்கிறார்கள். முதல் அடையைத் திருப்பிப் போடுவதற்குள் இன்வூ வெளியே வந்துவிடுகிறான். மிச்ச மாவை என்ன செய்வது என்று என் மனைவி யோங்நானிடம் கேட்கிறார்கள், அவள் என்னைப் பார்க்கிறாள். போன மே மாதம் ஒன்பதாவது நிமிஷத்தில் கோல் போட்டான். கூடமே ஆடியது, எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து ஊர்த் தலைவரின் காலுறை வீணானது. பதினாலாவது நிமிஷம் பலகை வந்துவிட்டது. கோல் போட்டவனைக்கூடவா என்று கேட்டார்கள். போட வேண்டியதைப் போட்டாச்சு, இனி உள்ளே என்ன வேலைன்னு நான் சொன்னேன்.

யோங்நான் மட்டும் வேறு மாதிரி. விடுமுறைக்கு வந்தவனுடைய பையைப் பிரித்துச் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இதைத் துவைக்கணுமாங்க? வேர்வையே இல்லை. மடிச்சு வெச்சிடறேன்."

பெண்பிள்ளைகளுக்கு ஆட்ட நுணுக்கம் புரியாது. நான் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டேன்.

ஆகவே அண்ணா, தைரியமாகச் செய்யுங்கள். பல்கலைக்கழகமென்று நாலு வருஷம் வீணாக்கினால், ஹேசோல் தொழில்முறைக்கு வரும்போது இருபத்திரண்டு தாண்டியிருக்கும், யாருக்கு வேண்டும் அவன்? வெள்ளிக்கிழமையே நீங்களும் அவனும் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை இன்வூவுக்கு ஆட்டம், பேருந்து பேசிவிட்டேன், நீங்களும் அண்ணியும் முதல் வரிசையில் உட்காரலாம். அண்ணியின் இடுப்புக்கு மெத்தை கொண்டுவருகிறேன். அடுத்த வருஷம் அப்பா அம்மா கல்லறைப் புல்லை நானே தனியாக வெட்டுகிறேன், நீங்கள் குனிய வேண்டாம். முன்னோர் நம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் கால்களையும் காக்கட்டும்.

வணங்கும் தம்பி,
தாக் சாங்பே

பி.கு.: உறையை ஒட்டியபின் கிழித்து எழுதுகிறேன். இன்வூ தொலைபேசியில் பேசினான். அடுத்த பருவம் அவன் தேவையில்லை என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். அவன் இடத்துக்கு வேறு சின்னப் பையனைப் பார்த்தாயிற்றாம், பதினேழு வயதாம். பேரைச் சொன்னான். நம் ஹேசோல்.

அதோடு அவன் இதையும் சொன்னான்.

"பெரியப்பாகிட்ட, தம்பியை இப்ப அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்கப்பா. பொறாமையில சொல்லலை. வேற குழுவுல என்னைக் கூப்பிட்டு, முழு ஆட்டம் ஆடுவியான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலைன்னு சொல்லிட்டேன். பதினஞ்சாவது நிமிஷம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுப்பா."

அண்ணா, ஈர மீன் என்று நீங்கள் சொன்னது சரி. முழுக் கடிதத்தையும் கிழித்துப் போடப் போனேன். மேல எழுதினதையும் சேர்த்தே அனுப்புங்க, அண்ணன் கொஞ்சம் சிரிக்கட்டும்னு யோங்நான் சொல்லிவிட்டாள், அதனால் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை எங்கேயும் போகாதீர்கள். ஹேசோலை வரச் சொன்ன அந்தப் பல்கலைக்கழகப் பயிற்சியாளரிடம், இருபது வயதுப் பையன் ஒருத்தனைச் சேர்க்க வழி இருக்கிறதா, இருந்தால் முழு ஆட்டமும் ஓட விடுவாரா என்று எனக்காகக் கேளுங்கள். தலை குனிந்து கேட்கிறேன்.

சனிக்கிழமை ஹேசோலின் பள்ளி அணிக்கும் ஆட்டம் இருக்கிறதாமே. பேருந்தை அங்கே விடச் சொல்லிவிட்டேன். இன்வூவைச் சனிக்கிழமை இறக்கப் போவதில்லையாம், விடுப்புக் கேட்டு அவனும் வருகிறான், தம்பி தொண்ணூறு நிமிஷம் ஓடுவதைப் பார்க்கணுமாம். மாதர் சங்கப் பெண்கள் அடுப்போடு வருகிறார்கள். மாவு நிறையக் கரைக்கச் சொல்லியிருக்கிறேன்.