தண்ணீர்க் குழாய்க்கு மேலே இராயப்பர் பேராலயம்

ஓர் ஊருக்குப் போய்வந்தவனை அந்த ஊரைப் பற்றிப் பேசாமல் இருக்கச் செய்வது கடினம். நான் அதற்கும் ஒரு படி மேல். போவதற்கு முன்னரே பேசத் தொடங்கியவன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. மனைவி பற்றிமா தையல் தொழிற்சாலையில். அவளுடைய தொழிற்சாலை நத்தார்ப் பண்டிகை விருந்தில் நடந்த சீட்டிழுப்பில் அவளுக்கு முதல் பரிசு விழுந்தது: இரண்டு பேருக்கு, விமானச் சீட்டோடு, மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம். (அதற்கு முன் எங்களுக்கு விழுந்த பெரிய பரிசு ஒரு கேத்தல். அதுவும் ஒழுகியது.)

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நூலகத்தில் இருந்த பயணப் புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து படித்தேன். கப்பல்காரர் கொண்டுபோய்க் காட்டுகிற சுற்றுலாவில் போகக் கூடாது, சொந்தமாகச் சுற்ற வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. பேருந்தில் ஏற்றி, கொடியைப் பிடித்தபடி ஒரு பெண் முன்னால் நடக்க, ஆட்டுமந்தையாகப் பின்னால் போவதா? நானா? தெப்பனேர் என்று இங்கே சொல்கிற மூலைக் கடையில் பால் வாங்க வந்தவர்களை மறித்து வைத்து, 'ரோமுக்குக் கப்பல் போகாது, தெரியுமா? சிவித்தாவெக்கியா என்ற துறைமுகத்தில்தான் நிற்கும். அங்கிருந்து ரயில்' என்று விளக்கினேன். அவர்கள் ஏன் பாலை வாங்காமலே போனார்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்தச் செய்தி எங்கள் பங்குத் தந்தையின் காதுக்கும் போனது. அடுத்த ஆண்டு பங்கு மக்களை ரோமுக்கு யாத்திரையாகக் கூட்டிப் போகும் எண்ணம் அவருக்கு இருந்தது. திரும்பி வந்ததும் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் படம் காட்டி ஆலோசனை சொல்லும்படி கேட்டார். சனத்துக்குப் பிடித்தால் யாத்திரைக் குழுவுக்கு நீரே தலைவர் என்றார். நான் அந்த நிமிடமே தலைவராகிவிட்டேன். நடையே மாறிவிட்டதாகப் பற்றிமா சொன்னாள்.

படம் காட்டுவதென்றால் சிலைட் படம் வேண்டும். சந்தையில் என் முதலாளி இத்தாலியர். தன்னுடைய பெரிய கமராவையும் சிலைட் பிலிமையும் தந்து, என் நாட்டை வடிவாக எடுத்துக்கொண்டு வா என்றார். எங்களுடைய சின்னக் கமரா ஆட்களுக்கு, பெரிய கமரா கட்டடங்களுக்கு என்று பிரித்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் திரேசா அக்கா வந்தார். மன்னாரைச் சேர்ந்தவர், எங்கள் தெருவிலேயே இருந்தார். மகன் அன்ரன் இத்தாலியில் பாலெர்மோவில், வதிவிடப் பத்திரம் இல்லாமல். தாய் இங்கே அகதி வழக்கு முடிந்தும் கடவுச்சீட்டு இல்லாமல். இருவரும் கண்டு பல வருடம். ஒரு பொதி வறுத்த மிளகாய்த்தூளை என் கையில் வைத்தார்.

"இதை அவனிட்டக் குடு தம்பி. அவன்ட முகத்தை ஒருக்கா ஒழுங்காப் படம் எடுத்துக்கொண்டு வா. அவன் அனுப்புற படம் எல்லாத்திலயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆரோ ஒருத்தன்ட காரில சாஞ்சு நிக்கிறான். எனக்கு அவன்ட கண்ணைப் பாக்கோணும்."

ஓம் என்றேன். சொல்லிக்கொண்டே பொதியின் எடையைக் கையால் பார்த்தேன். அது கப்பலையே ஒரு பக்கம் சாய்க்கும்போல் இருந்தது.

எனக்குத் தெரியாமல் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. பற்றிமா பாரிசில் இருக்கும் தங்கச்சிக்குத் தொலைபேசியில் எங்கள் பயணத்தைச் சொல்லியிருந்தாள். தங்கச்சி ஐரோப்பா முழுவதற்கும் சொல்லியிருந்தாள்.

முதல் துறைமுகமான மார்செய்யில் கப்பலை விட்டு இறங்கினோம். முதல் ஆளாக இறங்கு, வரிசையில் நிற்காதே என்பது புத்தக விதி. முதல் ஆளாகத்தான் இறங்கினேன். அங்கே பற்றிமாவின் பெரியம்மா மகன் மனைவியோடு நின்றார், பாரிசிலிருந்து இரவு ரயிலில் வந்து. மார்செய்யிலேயே அவருடைய கூட்டாளி வீட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டோம். பின்னேரம் துறைமுகத்துக்கு ஓடினோம். மார்செய் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த வீட்டு மாடிப்படி மட்டும்.

லிவோர்னோவில் எங்களுக்கு யாரும் இல்லை என்று நம்பியிருந்தேன். ஜெனோவாவிலிருந்து வானோடு ஒருவர் வந்துவிட்டார். பீசா சாய்ந்த கோபுரத்தை வானுக்குள் இருந்து, மடியில் கோழிக்கறிச் சட்டியோடு பார்த்தேன். வான் வளைவில் திரும்பியதால் கோபுரம் நேராகவும் சட்டி சாய்வாகவும் இருந்தது.

ரோமை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று இருந்தேன். துறைமுகத்திலிருந்து ரயில், கோயிலுக்குப் போவதால் தோளை மூடிய உடுப்பு, கையில் தண்ணீர், கப்பல் தனியாகப் போனவர்களுக்காகக் காத்து நிற்காது என்பதால் திரும்புவதற்கு ஒன்றல்ல, இரண்டு ரயில் முன்னதாக நேரம். எல்லாம் விதிப்படி. ரோம் நிலையத்தில் பற்றிமாவின் சின்ன மாமா நின்றார். அவர்கள் வீடு புனித பேதுருவின், அதாவது எங்கள் இராயப்பரின், பேராலயத்துக்குக் கிட்ட என்றபடியால் போனோம். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுகிறோம் என்று நான் மன்றாடினேன். மாமி கரண்டியோடு வந்து நின்றார்.

"இராயப்பர் கோயில் எங்கயும் ஓடிப்போகாது. சோறு ஆறிப்போகும்."

புத்தகத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பாடு முடிந்து, ஊர்க்கதை முடிந்து, பக்கத்து வீட்டுத் தமிழாக்களும் வந்து போனபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இராயப்பர் பேராலயத்தின் கூரைக் குவிமாடத்தை மாமியின் குசினி யன்னலால் கண்டேன். அங்கிருந்தே சிலுவை போட்டுக்கொண்டேன்.

பெரிய கமரா கட்டடங்களுக்கு என்ற திட்டமும் மார்செய்யிலேயே கவிழ்ந்துவிட்டது. சின்னக் கமராவை எடுத்தபோது பெரியம்மா மகனின் முகம் சுருங்கியது. கழுத்தில் அவ்வளவு பெரிய கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களை இந்தப் பெட்டியால் எடுக்கிறாரோ என்று பற்றிமாவிடம் கேட்டாராம். அதற்குப் பிறகு மானப் பிரச்சினை. எல்லோரையும் பெரியதால் எடுத்தேன். காட்சிகளுக்குச் சின்னது மிஞ்சியது; அதில் பிலிம் முடிந்தது எனக்குத் தெரியாது. நேப்பிள்ஸில் எடுத்த எரிமலை ஒன்றும் பதியவில்லை.

கடைசித் துறைமுகம் பாலெர்மோ. அன்ரன் கரையில் நின்றான். தேய்த்த சட்டை, கறுப்புக் கண்ணாடி. மிளகாய்த்தூளை வாங்கி, பொதியைத் திறக்காமலே முகர்ந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தன் அறைக்குக் கூட்டிப்போய், கூட இருந்த பெடியன்களோடு சேர்ந்து சமைத்துத் தந்தான். அம்மாவுக்குப் படம் எடுக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்று என்றேன். தட்டிக்கழித்தான். திரும்பவும் கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை. இரவில ஒரு ஹோட்டல்ல வேலை, பகல்ல வீடுகள் துப்புரவாக்கிறன். அம்மா கண்ணைப் பாத்தா விளங்கிடுவா."

பற்றிமாதான் மெல்லக் கதைத்துச் சம்மதிக்க வைத்தாள். ஒரே ஒரு படம் என்றான். எடுத்தேன். உடனே கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு கப்பல் ஊதுவதற்கு முன் எங்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். சொந்தமாகச் சுற்றுகிறவன் நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியை அந்தப் பயணம் முழுவதும் என் சார்பில் உறவினர்களே காப்பாற்றினார்கள்.

மொன்றியலுக்கு வந்தோம். சிலைட் கழுவி வரப் பிந்தியது. ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில்தான் பெட்டியைக் கையில் எடுத்தேன். பார்க்க நேரமில்லை. ஆட்களுக்கு இடையே கட்டடங்கள் போதுமான அளவு இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். (மனம் இலேசில் தேறிவிடும். அதுதான் என் பிரச்சினை.)

மண்டபம் நிறைந்திருந்தது. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி, சுவரில் யாருடையதோ படுக்கை விரிப்பு, மேசையில் கோயிலின் பழைய புரொஜெக்டர். அதன் விசிறி சிலவேளை சுற்றும், சிலவேளை யோசிக்கும். முன்வரிசையில் பங்குத் தந்தை. இரண்டாம் வரிசையில் திரேசா அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும்..." என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். விரிப்பில் ஆளுயரத்துக்கு ஒரு சோற்றுப் பானை. அதற்குப் பின்னால் பெரியம்மா மகன். அடுத்த படம், அவர் மனைவி. அடுத்தது, அவர்கள் இருவரும் பானையும். துறைமுகத்தின் வரலாற்றை நான் விடாமல் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர் அது ஆட்டிறைச்சியோ என்று மரியாதையாகக் கேட்டார்.

லிவோர்னோ வந்தது. வான், சட்டி, வான்காரர். ரோம் வந்தபோது பங்குத் தந்தை கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். மாமி. மாமா. மாமியின் குசினி.

"பேராலயம் எங்க?" என்று கேட்டார்.

"அந்தத் தண்ணீர்க் குழாய்க்கு மேல தெரியுது, சுவாமி."

அவர் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். உண்மையாகவே தெரிந்தது, ஒரு பாக்களவு. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் என் தலைமைப் பதவி இல்லை.

ஆனால் ஒரு விசித்திரம். சனம் ஒருவரும் எழுந்து போகவில்லை. கொலோசியம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. "அது எங்கட ஜோசப்பின்ர மூத்தவள் எல்லோ", "உடம்பு வச்சிட்டார்", "இன்னொருக்காக் காட்டுங்கோ" என்று இருட்டுக்குள் கதை கிளம்பியிருந்தது. நான்தான் மடையன்போல், ரயில் சீட்டை ஏறுவதற்கு முன் இயந்திரத்தில் குத்த வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாலெர்மோ என்று சொல்லி அழுத்தினேன். அன்ரன் வந்தான். முகம் மட்டும், விரிப்பு முழுக்க, கண்ணாடி இல்லாமல்.

திரேசா அக்கா எழுந்து விரிப்புக்குக் கிட்டப் போனார். போனதும் அவருடைய நிழல் மகனை மறைத்துவிட்டது. ஒரு பக்கமாக விலகினார், மகன் திரும்ப வந்தான். அப்படியே நின்று கையை அவன் கன்னத்தில் வைத்தார். அவன் கன்னம் அவருடைய கைக்கு மேலேயும் விழுந்தது. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், பாலெர்மோவில் நகரப் பேருந்துகள் எங்கிருந்து புறப்படும் என்று சொல்லத் தொடங்கினேன்.

அப்போதுதான் புரொஜெக்டரின் விசிறி யோசிக்கத் தொடங்கியிருந்தது. முதலில் மணம் வந்தது. பிறகு அன்ரனின் காதோரத்தில் பழுப்பாக ஒரு பொட்டு எழும்பியது. அது அசைந்து, பரந்து, தலையைச் சுற்றி வரத் தொடங்கியது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், தாய் தொட்டுக்கொண்டு நிற்கும்போதே, அவருடைய மகனின் ஒரே படத்தை நான் எரித்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கையால் சிலைட்டைப் பிடுங்கினேன். இரண்டு விரலும் வெந்தன. பற்றிமா ஓடிப்போய் யன்னல் துணியை இழுத்துவிட்டாள். சிலைட்டை நீட்டினேன். திரேசா அக்கா அதை யன்னல் வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"முகம் தப்பிட்டுது" என்றார். பிறகு, என்னிடம் இல்லை, படத்திடம்: "பிள்ளை நித்திரையே கொள்ளுறேல்ல."

அழுதார். நானும் அழுதேன். (விரல் எரிந்ததால் என்று அன்று சொன்னேன். பற்றிமா நம்பவில்லை.) என் உரை அதோடு முடிந்தது. யாத்திரைக்கு வேறு ஒருவர் தலைவரானார். போனவர்கள் பேராலயத்துக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

திரேசா அக்கா அந்தச் சிலைட்டைக் கொடுத்துப் பெரிய படமாக்கி, சட்டம் போட்டு, வரவேற்பறைச் சுவரில் சூசையப்பருக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் மாட்டினார். வேறு ஆணி இல்லையாம். எரிந்த வடு அன்ரனின் தலைக்குப் பின்னால் வட்டமாக, பொன்னிறமாக நின்றது. புதிதாக வருகிறவர்கள் இது எந்தப் புனிதர் என்று கேட்பார்கள். ஒரு கிழவி முழங்காலில் நின்று செபித்தே விட்டாள். திரேசா அக்கா தடுக்கவில்லை. அவனுக்கு யாராவது வேண்டிக்கொண்டால் நல்லதுதானே என்றார்.

சில வருடங்களுக்குப் பிறகு அன்ரனுக்குக் கனடா வரப் பத்திரம் கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தது நாங்கள்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தவன் சுவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டான். இரண்டு புனிதர்களுக்கு நடுவில், ஒளிவட்டத்தோடு அவன். கீழே ஒரு சிவப்பு விளக்கு வேறு.

"அம்மா, நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டியளோ?"

திரேசா அக்கா அவனுடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இல்லை, நித்திரை கொள்ளட்டும் எண்டுதான் மாட்டினனான் என்றார். அன்ரன் அந்தப் பின்னேரம் படுத்தவன் அடுத்த நாள் மத்தியானம்தான் எழும்பினான்.

இப்போது அவனுக்கு மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டில் வீடு, மூன்று பிள்ளைகள், நல்ல தொந்தி. ஞாயிறு சாப்பாடு முடிந்து அவன் சோபாவில் குறட்டை விடத் தொடங்கினால், பிள்ளைகள் பிரெஞ்சைக் கொஞ்சம் நிறுத்தி, தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்: "சத்தம் போடாதே. புனிதர் நித்திரை."