பெயர் மாற்றாத கம்ப்யூட்டரும் என் இளைய மகளும்

எருமப்பட்டி,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு, மாமனார் சென்னியப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் தமிழினியும் கறவை மாடு இரண்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் சண்முகப்பிரியாவும் பெங்களூர்க் குளிருக்குச் சளி பிடிக்காமல் இருக்க நைனாமலைப் பெருமாளை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் தமிழினி காதில் விழும். மெசேஜ் போட்டால் சண்முகப்பிரியா படிப்பாள், அவள் படித்தால் வெண்ணந்தூர்ப் பங்காளிகள் வரைக்கும் போய்விடும். அதனால்தான் சனிக்கிழமையும் நீங்கள் போகும் ஆபீஸ் விலாசத்துக்கு, நாளைக்கே கையில் கிடைக்கிற கூரியரில் அனுப்புகிறேன்.

தமிழினிக்கு உங்கள் ஊர்க் கம்பெனியில் வேலை கிடைத்ததும், நான் அனுப்ப மாட்டேன் என்று சொன்னதும் உங்களுக்குத் தெரியும். சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது ஓட வேண்டும். ஓடாவிட்டால் நேரில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு வெள்ளி, அது ஓடவில்லை.

போன வளர்பிறையில் நல்ல நாள் பார்த்துத்தான் சேலத்துக்குப் போய் வாங்கினேன். கம்பெனியில் இருந்த உருப்படி, கல்லு மாதிரி இருக்கும் என்றார் கடைக்காரர். நானும் மூன்று லாரி பழசாகவே வாங்கி ஓட்டியவன், பழசு எனக்குப் புதுசில்லை. மடியில் வைத்துக் கொண்டுவந்து, கீழே எலுமிச்சம்பழம் வைத்து, உங்கள் அத்தை சந்தனப் பொட்டும் வைத்தாள். பொட்டு சரியாகக் கேமரா ஓட்டையில் விழுந்தது பிற்பாடுதான் தெரிந்தது. திறந்து நெட்டைக் கொடுத்ததும் 'வெற்றிமலை ஃபீட்ஸ் உங்களை வரவேற்கிறது' என்று வந்தது. பார்த்தாயா மரியாதையை என்று உங்கள் அத்தையிடம் சொல்லி வாய் மூடவில்லை, அந்தக் கோழித்தீவனக் கம்பெனியில் நமக்குக் கொடுத்த ஐடியையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. நமக்கு யார் கொடுத்தார்கள்? தமிழினி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றிப் பார்த்தாள். மறுபடியும் வெற்றிமலை ஃபீட்ஸ் வரவேற்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "அண்ணா, இந்த மிஷின் நம்பர் இன்னும் அவங்க லிஸ்டுல இருக்குது, அவங்களா எடுத்துவுட்டாத்தான் உண்டு" என்கிறார். எனக்கு விளங்கிவிட்டது மாப்பிள்ளை. கடன் கட்டி முடித்தும் ஆர்.சி. புக்கில் பைனான்ஸ்காரன் பேர் எடுக்காத வண்டியை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் நமக்கு வழி தெரியாதா என்று இருபது ரூபாய் பத்திரம் ஒன்று எழுதிக்கொண்டு, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வெற்றிமலை ஃபீட்ஸ் ஆபீசுக்கே போனேன். அங்கே மேனேஜர் சின்னுசாமி என்று ஒருத்தர். தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று, காப்பி வரவழைத்து, எந்த ஊர், என்ன கோயில், யார் சொல்லி வந்தீங்க என்று விசாரிக்கிறார். நல்ல மனுஷன் என்று நினைத்து நானும் நேராக விஷயத்துக்கு வந்தேன். "பழசுதானுங்க, மறைக்கலீங்க. முன்னாடி வெச்சிருந்தவங்க கையெழுத்துப் போட்டு வுட்டுக்கொடுத்தாப் போதுமுங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பையன் இருப்பதும், நான் பெண் கொடுக்க வந்ததாக அவர் நினைத்ததும் தெரிந்தது. பையைத் திறந்து கம்ப்யூட்டரைக் காட்டினேன். மூச்சு வந்தது அவருக்கு. பத்திரத்தில் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களே. எங்க ஹெட் ஆபீசுல அபிநயான்னு ஒரு புள்ளை இருக்குது, அதுதான் லிஸ்டுல இருந்து எடுக்கோணும், சொல்றேனுங்க" என்றார். அவர் கேட்க, ஊட்டுப் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பத்திரத்தைக் கேமராவுக்கு நேராக விரித்துப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் பிடித்தேன். சீல் இருக்கும் பக்கத்தைப் பிடித்தேன். ஒரு வேளை காதுதான் கேட்குமோ என்று முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தும் காட்டினேன். தமிழினி சிரிக்கவில்லை மாப்பிள்ளை. சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இது போதாதென்று, பக்கத்துத் தோட்டத்துத் தங்கமுத்து வந்து பார்த்துவிட்டு, பழைய ஓனர் பேரில் இருக்கிற கம்ப்யூட்டர் வழியாக அவர்கள் நம் ஊட்டையே பார்க்கலாம், பேசுவதையும் கேட்கலாம் என்று ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனான். அன்றைக்கே நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரை வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாலு நாளாக ஊட்டில் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுகிறோம். உங்கள் அத்தை என்னைச் சத்தம் போட்டுத் திட்ட முடியாமல் இருப்பது ஒன்றுதான் இதில் கண்ட லாபம். சின்னுசாமிக்குத் தினமும் போன் போடுகிறேன். "சொல்லியாச்சுங்க, சொல்லியாச்சுங்க" என்கிறார், வேறு பேச்சில்லை.

என்னைப் பழங்காலத்து ஆள் என்று நினைக்காதீர்கள். நான் அசாம் வரைக்கும் லோடு ஏற்றிப் போனவன், எந்த ஊரில் எப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், தமிழினியை அனுப்பாததற்கு அது காரணமில்லை. சண்முகப்பிரியாவை உங்களிடம் அனுப்பிய அன்றைக்கு ஊட்டில் பாதிச் சத்தம் போய்விட்டது. மிச்சப் பாதியும் போனால் நானும் உங்கள் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன செய்வோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் தயவுசெய்து நீங்கள் அந்த அபிநயாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நீங்களும் கம்ப்யூட்டர் வேலை, அந்தப் புள்ளையும் கம்ப்யூட்டர் வேலை, உங்களுக்குள் ஒரு பாஷை இருக்கும். திங்கட்கிழமைக்குள் எப்படியாவது எடுத்துவிடச் சொல்லுங்கள். தமிழினி உங்களிடம் போன் போட்டு பெங்களூர் வரட்டுமா என்று கேட்டால், இங்கே மழை, தண்ணிக் கஷ்டம், டிராபிக் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்கவும்.

நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று, நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல் இருக்க என்னுடையதும் உங்கள் அத்தையுடையதும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமனார்,
சென்னியப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் அபிநயாவே போன் செய்தது. மிஷின் சரியாகிவிட்டதா என்று கேட்கிறது. செவ்வாய்க்கிழமையே லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டதாம். அன்றைக்கே நம் ஊட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டதாம், ஒரு தரம் நெட்டில் மாட்டி மறுபடி ஏற்றினால் போதுமாம். அன்றைக்குப் போனை எடுத்தது தமிழினி. பீரோவைத் திறந்து, வயரை மாட்டி, அவளையே ஏற்றச் சொன்னேன். வெற்றிமலையும் இல்லை, ஒரு மலையும் இல்லை, சுத்தமாகத் திறந்துகொண்டது. "ஏஞ்சாமி, எங்கிட்டச் சொல்லுல?" என்று கேட்டேன். "நான் போறேன்னு சொன்னா அழுவீங்க. நீங்களாப் போன்னு சொல்லுவீங்களோன்னு பாத்தனுங்கப்பா" என்றாள். நான் அழவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நாமக்கல் போய், நாளை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆகவே மேலே மழை, தண்ணி, டிராபிக் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும், அதில் முகம் பார்த்துப் பேசலாம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஸ் வரும், நீங்கள் முன்கூட்டியே போய் நின்று கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே நின்று கூப்பிட்டால் தூக்கத்தில் அவளுக்குக் கேட்காது. பஸ்ஸுக்குள் ஏறிப் போய்த் தோளைத் தொட்டு இரண்டு தரம் எழுப்ப வேண்டும், முதல் தரத்துக்கு எழுந்திருக்க மாட்டாள். இத்தனை வருஷமாக நான்தான் எழுப்பிக்கொண்டிருந்தேன்.