பெரிய கேமராவைத் திருப்பி அனுப்பக் கோரி

சோமனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சசிதர் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் சைத்ரா பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பாவின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் என்பதால் அதை இந்த வரியில் சேர்க்கவில்லை. அங்கே தாங்களும், எஸ்டேட்டில் உள்ள அனைவரும், தாங்கள் படம் பிடிக்கக் காத்திருக்கும் இருவாச்சிப் பறவையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வால்பாறையில் தங்கள் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் கடிதம்.

மாமா, அப்பா தங்களுக்குக் கொடுத்த பெரிய கேமராவைத் திருப்பி அனுப்ப வேண்டும். கொடுத்த பொருளைக் கேட்பது முறையல்ல. அப்பாவுக்கு அதைக் கேட்கக் கூச்சம், எனக்கும் கூச்சம்தான். ஆனால் குற்றம் என்னுடையது என்பதால் நானே எழுதுகிறேன்.

அப்பாவின் வலது தோளைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் கல்யாணங்களில் அந்தக் கேமராவைத் தூக்கியதால் வந்த வலி. எடை தூக்கினால் கை மேலே எழும்பாமலே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். தொழிலை விட்டுவிடலாம் என்று அப்பா சொன்ன அன்றுதான் நான் படிக்கத் தொடங்கினேன். முப்பத்தோரு கட்டுரைகள் படித்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பினேன். பழைய பிலிம் அளவுக்கே பெரிய சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேம், இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் மிரர்லெஸ் கேமராவிலேயே கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டேன். படத்தின் தரத்தில் குறைவில்லை, எடையோ பாதிகூட இல்லை. என் பேச்சைக் கேட்டு அப்பா அப்படி ஒன்றை வாங்கினார். அதை முதல்முறை தூக்கியபோது, “சோப்பு டப்பாவாட்டம் இருக்குது கண்ணு” என்றார். அவர் முகத்தில் வலி இல்லாததைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். ‘குறைகள்’ என்று தலைப்பிட்ட பக்கத்தை அவரிடம் வாசித்துக் காட்டாமல் விட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

போன வாரம் அவிநாசியில் பொங்கியண்ணன் என்பவரின் மகனுக்குக் கல்யாணம். அங்கே நன்றாகப் படம் எடுத்தால் தை மாதம் வரை அவர்கள் சொந்தம் முழுவதும் அப்பாவைத்தான் கூப்பிடும், கெட்டால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். உதவிக்கு நானும் போனேன். வாசலிலேயே பொங்கியண்ணன் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பெரிய கேமரா பின்னால வண்டில வருதுங்களா?” என்று கேட்டார். இதுதானுங்க கேமரா என்று அப்பா சொன்னதும் அவர் வாங்க வாங்க என்று உள்ளே அழைத்துப் போனார். மரியாதைக்காரர். ஆனால் வீடியோ எடுக்க வந்திருந்த அப்துல் நாசர் மாமாவின் தோளில் இருந்த கேமராவைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு மூச்சு சீரானது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். நாசர் மாமாவின் கேமரா பெரியது என்பதால் மண்டபத்தில் எல்லோரும் அதைப் பார்த்தே நின்றார்கள், அப்பாவின் படங்களில் எல்லோருக்கும் ஒரு காதுதான் தெரிகிறது, சத்தமில்லாமல் எடுக்கும் வசதியைக் கட்டுரைகள் புகழ்ந்திருந்ததால் நான் அதைப் போட்டு வைத்திருந்தேன், அதனால் அப்பாவைப் பார்த்து நின்ற ஒரே ஒரு பெரியவரும் ‘டிக்’ என்ற சத்தம் வரும் வரை சிரித்தபடியே நின்றார், சத்தம் வரவேயில்லை, “எடுத்துப்போட்டீங்களா, இன்னும் சிரிக்கோணுங்களா?” என்று பல்லைக் கடித்தபடி கேட்டார், அதே வசதியால் எல்.ஈ.டி. விளக்கு பட்ட படங்களில் மேடை முழுவதும் ஜமக்காளம் போல் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. கேமரா சிறியதே தவிர ஃபுல் ஃப்ரேமுக்கு உரிய ஜூம் லென்ஸ் சிறியதாகவில்லை, அதை மாட்டியதும் மூக்கு கனத்துக் கேமரா குனிந்துகொண்டது, பிடியில் மூன்று விரல்களுக்குத்தான் இடம், அப்பாவின் சுண்டுவிரல் நாள் முழுவதும் வேலையில்லாமல் தொங்கியது.

இவற்றைவிடப் பெரிய துன்பம் சாப்பாடு. வெள்ளைச் சட்டையோடு, பெரிய கேமரா இல்லாமல் மண்டபத்தில் நிற்கும் மனிதரை நம் பக்கத்தில் யாராவது சாப்பிடாமல் நிற்க விடுவார்களா? பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்துப் பந்திக்கு இழுத்துப் போனார்கள். “நான் போட்டோ எடுக்க வந்தவனுங்க” என்றார் அப்பா. “எல்லாருந்தானுங்க செல்போனுல எடுக்கறாங்க, அதுக்காகச் சாப்பிடாம இருக்கறதுங்களா?” என்று இலையைப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து தப்பி வந்தவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து மறுபடி உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா கனிஷ்காவைத் தம்பியோடு நிறுத்தி, உடன்பிறந்தவளுக்கு உரிய இணைச்சீர்ச் சடங்கைச் செய்ய ஆரம்பித்தபோது அப்பா இரண்டாவது இலையிலிருந்து எழுந்து ஓடி வந்தார். நான்கு படம் எடுப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. கேமராவின் உடம்பு சிறியது என்பதால் பேட்டரியும் சிறியது, இது என் நோட்டில் முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. மாற்று பேட்டரி என் பையில் இருந்தது. நான் பந்தியில் இருந்தேன். என் இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தார்கள்.

பொங்கியண்ணனின் அக்கா சென்னியம்மாள் என்பவரைக் கண்டால் மண்டபமே ஒதுங்கும். அவர் அப்பாவிடம் வந்து, “ஏனுங் தம்பி, ரெண்டு பந்தி சாப்புட்டீங்க, சந்தோசம். போட்டோ எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பஸ்ஸில் வீடு திரும்பினோம். இறங்கும்போது, “சசிதர்கிட்டக் கேளு கண்ணு. தோளு போனாப் போகுது” என்றார்.

மாமா, நான் படித்த கட்டுரைகளில் ஒன்றில்கூட, மண்டபத்தில் ஒருவர் கேமராக்காரராகத் தெரிவதற்கும் எடை வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. அந்தப் பெரிய கேமராவைத் துணியில் சுற்றி, பொள்ளாச்சி பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பவும். கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லவும். அம்மாவின் அன்பும் என் வணக்கமும். தேயிலையும் தாங்களும் செழித்திருக்க அவிநாசி ஈஸ்வரனை வேண்டும்,

சைத்ரா,
பத்தாம் வகுப்பு.

பி.கு.: உறையை ஒட்டும் முன் சென்னியம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க. பட்டை விழுந்தவற்றையும் காதுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, இணைச்சீர்ப் படம் வந்ததும் கையை நிறுத்தினார். அதில் கனிஷ்கா அக்கா தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்கிறார். கண் நிறைந்திருக்கிறது, வாய் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் சென்னியம்மாளே முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார். “இத ஆரு எடுத்தது?” என்றார். “நாந்தானுங்க” என்றார் அப்பா. “நீங்க அப்பச் சாப்புட்டுட்டுத்தான இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “பெரிய கேமராவக் கண்டா நாங்கெல்லாம் செலையாட்டம் வெறச்சுப்போயிருவோம். நான் அழுததை எவனும் எடுத்ததில்லை. தையில எம்பட மக ஊட்டுல சீரு வருது, இந்த டப்பாவையே கொண்டு வாங்க” என்றார்.

ஆகவே மாமா, கேமராவை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடும்படி அப்பா சொன்னார். அடித்தல் திருத்தல் இல்லாமல் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், கிழிக்க மனம் வரவில்லை. தாங்கள் இதை முழுவதும் படித்துவிட்டு, எதுவும் செய்யாமல் இருந்தால் போதும்.