ஜெயம்மா அத்தையின் அடுப்பு ஈசான்ய மூலைக்குப் போன கதை

பிள்ளைகளா, முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவுக்குச் சுத்தம் செய்வதில் கொஞ்சம் பைத்தியம். (உங்கள் அம்மா "கொஞ்சமா?" என்று கேட்பாள். கண்டுகொள்ளாதீர்கள்.) அந்தப் பைத்தியத்தால் ஒரு விஜயதசமி காலையில் மர்பி டவுன் தெருவே என்னை வேடிக்கை பார்த்தது.

அப்போது நீங்கள் யாரும் பிறக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு, அல்சூரில் மூர்த்தி சார் என்ற இன்ஜினியரிடம் வேலை பார்த்தேன். வீட்டுப் பிளான்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. ஆபீஸில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். அதை நான் தொட்டுக் கும்பிடாமல் ஆன் பண்ணியதில்லை.

பக்கத்துத் தெரு ஜெயம்மா அத்தை பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டப் போனார். நான் போட்ட முதல் பிளானில் சமையலறை ஈசான்ய மூலையில், அதாவது வடகிழக்கில் வந்துவிட்டது. வாஸ்து பார்க்க வந்த ஐயர் "அங்கே அடுப்பு எரிஞ்சா குடும்பம் விளங்காது" என்று சொல்லிவிட்டார். அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சேகரு, அடுப்பு அக்னி மூலைக்கு வரலைன்னா இந்த வீடே எனக்கு வாணாம். விஜயதசமி அன்னைக்கு பூமி பூஜை. தங்கவயல்ல இருந்து சம்பந்தி வீட்டாளுங்க வேன் வெச்சிகினு வராங்க. என் மானத்த வாங்கிடாத."

"கவலைய விடுங்க அத்தை, நான் இருக்கேன்ல?" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் எப்போது சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.)

அந்த வாரம்தான் ஆபீஸில் படம் வரையும் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனைப் போட்டிருந்தார்கள். நான் முதல் கோட்டிலிருந்து புதுப் பிளான் வரைந்தேன். அடுப்பு தென்கிழக்கில், ஐயர் சொன்ன இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது. பழையபடி 'ஜெயம்மா' என்றே பெயர் அடித்து சேவ் செய்தேன்.

இங்கேதான் சனி பிடித்தது. பழைய வெர்ஷனாக இருந்தால் "இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, அதை அழித்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கும். புதுசு ஒன்றுமே கேட்கவில்லை. பரவாயில்லையே, தொணதொணக்காத வெர்ஷன் என்று அதை மெச்சிக்கொண்டேன். நாங்கள் எல்லாப் படத்தையும் D டிரைவில் வைப்பது வழக்கம். புது வெர்ஷனுக்கு அது எப்படித் தெரியும்? அது தனக்கென்று C டிரைவின் மூலையில் ஒரு ஃபோல்டர் போட்டு, என் படத்தை அதற்குள் கொண்டுபோய் வைத்திருந்தது. சேவ் பண்ணும்போது எந்த இடம் என்று மேலேயே காட்டும். யார் பார்த்தார்கள்? மறுநாள் வேலை செய்தபோதும் 'கடைசியாகத் திறந்தவை' வரிசையிலிருந்தே திறந்துகொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆபீஸைச் சுத்தம் செய்தோம். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் சரோஜாக்கா தரையைக் கழுவினார். நான் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு டிபனுக்கு ஆகும் அளவுக்கு மிக்சர் விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே மட்டும் துடைத்தால் போதுமா, உள்ளே யார் துடைப்பது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். C டிரைவில் முன்பின் தெரியாத ஃபோல்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் போட்டதில்லை, சாரும் போட்டதில்லை. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அழித்தேன். அது திரையிலிருக்கும் குப்பைத்தொட்டிக்குப் போய் விழுந்தது. அடுத்து அதையும் காலி செய்யலாம் என்று மவுஸை நகர்த்தும்போது சரோஜாக்கா குரல் வந்தது.

"சேகரு, விளக்கு வெச்சாச்சு. இனிமே குப்பை கிப்பை கொட்டாத. லட்சுமி வெளிய போயிடுவா."

அவர் சொன்னது வாசலிலிருந்த பிளாஸ்டிக் தொட்டியை. நான்தான் சிரத்தையான ஆளாயிற்றே! எதற்கு வம்பு என்று திரையில் இருந்த தொட்டியையும் கொட்டாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் போட்டோம். பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால், விஜயதசமி காலையில்தான் ஆன் செய்தேன். 'கடைசியாகத் திறந்தவை'யில் ஜெயம்மாவை அழுத்தினால், அப்படி ஒரு படமே இல்லை என்றது. D டிரைவில் தேடினேன். அங்கே 'ஜெயம்மா' சமர்த்தாக இருந்தது. அப்பாடா! வெளியே மூர்த்தி சார் ஸ்கூட்டர் ஹாரனை அடித்தபடி "பேகா பாப்பா, பேகா!" என்று கன்னடத்தில் என்னைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். பிரிண்ட் எடுத்தேன், சுருட்டினேன், அவர் பின்னால் ஏறினேன்.

மனையில் கூட்டம். ஜெயம்மா அத்தை பட்டுப் புடவையில் இருந்தார். சம்பந்தி வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி கோடு போடச் சுண்ணாம்புத் தூளோடு நின்றார். நான் பிளானைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீட்டினேன். ஐயர் அதைப் பிரித்து, நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கப் போனவர், மூன்றாவது மூலையில் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? அடுப்பு மறுபடியும் ஈசான்யத்துல இருக்கே?"

அத்தை குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏன்டா சேகரு, மாத்திட்டேன்னு சொன்னியே, எந்த ஊர்லடா மாத்தின?"

சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், எனக்கு நன்றாகக் கேட்கும்படி, "படம் போட்டது இந்தப் புள்ளையா? அப்போ வீடு எந்தத் தெருவுல வருமோ!" என்றார். சிரிப்பு நாற்காலி நாற்காலியாகப் பரவியது.

"எமகண்டத்துக்கு முன்னாடி முடிக்கணும்" என்றார் ஐயர். அத்தை சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஸ்கூட்டர் ஆபீஸுக்குப் பறந்தது. மூர்த்தி சார் புது வெர்ஷனின் செட்டிங்ஸைத் திறந்து, அது எங்கே சேவ் செய்கிறது என்று பார்த்தார்.

"இல்லி நோடப்பா, இங்க பாரு. C டிரைவ்ல இந்த ஃபோல்டர்லதான் போட்டிருக்கு. அந்த ஃபோல்டர் எங்க?"

"சார்... பூஜைக்கு... சுத்தம் பண்ணிட்டேன் சார்."

"அய்யோ தேவரே! குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டியா?"

"இல்ல சார். விளக்கு வெச்சுட்டாங்க."

சார் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார். பிறகு குப்பைத்தொட்டியைத் திறந்தார். உள்ளே அந்த ஃபோல்டர், அதற்குள் ஜெயம்மா, தென்கிழக்கில் அடுப்பு! ஒரு அழுத்தில் எல்லாம் இருந்த இடத்துக்குத் திரும்பியது. நான் மாலையோடு சேர்த்துக் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். (நெற்றியில் ஒட்டிய குங்குமத்தோடுதான் மனைக்குத் திரும்பினேன். அங்கே இரண்டாவது ரவுண்டு சிரித்தார்கள்.) எமகண்டத்துக்கு முன்னாலேயே மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். அத்தை என் கையில் ஒரு பிடி சுண்டலை வைத்து, "இத எங்க வெச்சேன்னு ஞாபகம் வெச்சுக்கோ, வயித்துல" என்றார்.

அன்று மத்தியானமே சேவ் ஆகும் இடத்தை D டிரைவுக்கு மாற்றினோம். அன்றிலிருந்துதான் எதை வைத்தாலும் இடத்தை வாய்விட்டுச் சொல்கிறேன். "சாவி, டிவி மேல." "கண்ணாடி, ஃப்ரிட்ஜ் மேல." நீங்களும் உங்கள் அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வது எனக்குத் தெரியும்.

பெரியவளே, வேலை கிடைத்து நீ புனே போனபோது ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. காலையில் போன் செய்தாய்.

"அப்பா, நான் சேவ் ஆயிட்டேன். புனே, ரெண்டாவது மாடி, ஜன்னல் பக்கத்துக் கட்டில். பார்த்து வெச்சுக்கோ."

மூச்சு வந்தது. "சரிம்மா" என்றேன். "சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு மட்டும் குப்பை கொட்டாத."