தமக்குத் தாமே போட்டியான பெட்டிக்காரர்

கள்ளக்குறிச்சியில் நலம் விசாரித்தே மனிதர்களைப் படுக்கையில் தள்ளக்கூடியவர் ஒருவர் இருந்தார். எங்கள் சபையில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர். சவப்பெட்டி செய்வது தொழில். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போதகருக்காவது தெரியுமா என்பது ஐயமே.

ஆராதனை முடிந்து, "இன்னாங்க, ஒடம்பு எப்டி கீது?" என்று அவர் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் மாலைக்குள் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வருவார். ஒருமுறை எங்கள் சபைச் செயலாளர் தும்மியபோது பெட்டிக்காரர் பரிவோடு திரும்பிப் பார்த்தார். அதன்பின் பிரசங்கம் முடியும்வரை செயலாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டே அமர்ந்திருந்தார். கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள், "வேல இருந்தா பரவால்லீங்க, மெனக்கெட வாணாம்" என்று சேர்த்தே சொல்வார்கள். அவர் தவறாமல் போவார். முதல் வரிசையில் அமர்வார்.

அவருடைய கிறுக்கு முழுமையாக வெளிப்பட்டது அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான். விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்தின்முன் படைப்பதும், ஆராதனைக்குப்பின் அதை ஏலம் விடுவதும் எங்கள் வழக்கம். சேவலுக்கும் கரும்புக்கும் கூச்சல் பறக்கும். அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். சொத்தைக் கத்திரிக்காயோ வெம்பிய பப்பாளியோ வந்தால் எழுந்து நிற்பார். அவர் கேட்டபின் வேறெவரும் வாய் திறப்பதில்லை. அவரோடு மோதி அவர் நினைவில் இடம்பெற யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே தமக்குத் தாமே போட்டியானார்.

"அம்பது."

"அம்பது ஒரு தரம்..." என்பார் செயலாளர்.

"எழுவது."

"அம்பதும் நீங்கதானங்க கேட்டீங்க?"

"அந்த ஆளு கம்மியா கேட்டுட்டாருங்க. நான் எழுவது."

சபையே சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

மழை விளைச்சலை அழித்த ஒரு வருடம், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து செல்வி பஸ்ஸில் இறங்கி வந்து என் அருகில் அமர்ந்தாள். குடித்தே மாண்ட அவள் கணவனைப் புதைத்த ஈரம் காயவில்லை. அந்த அடக்கத்துக்குச் சபையிலிருந்து போனவர்கள் போதகரும் பெட்டிக்காரரும் நானுமே. அவள் மடியில் சிறு துணிமூட்டை. உள்ளே நனைந்து கறுத்த சாமை.

"அக்கா, இத யாரும் எடுக்கலன்னா நான் இனிமே மலைய வுட்டு எறங்கமாட்டேன். ஆண்டவருக்கும் நான் வாணாம்னு வெச்சிக்கிறேன்."

"நான் எடுக்கிறேன், செல்வி."

"நீங்க பாவம் பாத்து எடுப்பீங்க. அது வாணாம்."

செயலாளர் மூட்டையை முகர்ந்து பார்த்து, "இது மாட்டுக்குத்தான் ஆவும்" என்று ஓரம் தள்ளினார். பெட்டிக்காரர் எழுந்தார்.

"வூட்ல இருந்ததே அவ்ளோதாங்க, கொண்டாந்துட்டா. கரும்பு குடுத்தவங்க வூட்ல இன்னும் கரும்பு கீது. நூறு."

"நூறு ஒரு தரம்..." என்றார் செயலாளர்.

"நூத்தம்பது," என்றார் அவரே.

சிரிப்பு எழுந்தது. தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்த செல்வி வாசலைப் பார்த்தபடி எழுந்துவிட்டாள். பெட்டிக்காரர் ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு, மூட்டையோடு அவளிடம் வந்தார்.

"இத எப்டிமா ஆக்கறது? எனக்கு அரிசிய தவுர ஒண்ணும் தெரியாது."

"மொதல்ல கல்லு பொறுக்கணுங்க," என்றாள் தலை நிமிராமல்.

"நெறைய கீதா?"

"இந்த வருசம் கல்லுதான் ஜாஸ்தி. சாமை கம்மி." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். "நனைஞ்சதுங்க. கசக்கும்."

"கசக்கட்டும்மா. இனிப்பு தொடக்கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம வந்து ஆக்கிக் குடு. ரெண்டு பேரும் சாப்புடலாம்."

அவள் வாசலை விட்டுத் திரும்பி அமர்ந்தாள்.

சொன்னபடி வந்து ஆக்கினாள். சாமை கசக்கத்தான் செய்தது. அவர் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு பிடி வைத்தார்.

பெட்டிக்காரர் இப்போது இல்லை. செல்வி ஆண்டுதோறும் சாமையோடு இறங்கி வருகிறாள். நல்ல சாமை, கசப்பதே இல்லை. அதுதான் எனக்குக் குறையாக இருக்கிறது.