முள்ளோடு வந்த முள்ளெலி

அன்பும் அறிவும் நிறைந்த என் மனைவிக்கு,

கடிகாரக் கடை மேசையிலிருந்து உன் கணவன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும், நீ பாறையில் தோண்டியெடுக்கும் உருண்டை உருண்டையான கடல் முள்ளெலிகளும் சுகமா? அவை கல்லாகிப் பல கோடி வருஷமாயிற்று, அவற்றுக்கு என்ன கேடு? நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

போன தடவை நீ ஊருக்கு வந்தபோது உன் கூட்டாளி கட்டிக்கொடுத்து, நீ பிரிக்காமலே அலமாரியில் விட்டுப்போன டப்பாவைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். அதைப் பார்த்து உன் மேலதிகாரி நாற்காலியை விட்டே துள்ளினாராமே, மிக்க மகிழ்ச்சி. உருண்டைக் கல்லில் முள்ளெல்லாம் அப்படியே நிற்பதால் அங்கே இருந்தது அலையடிக்காத கடல், செத்ததுமே சேறு மூடியிருக்கும், ஆகவே இன்னும் ஒரு வருஷம் தங்கித் தோண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். "முள்ளு உதிர்ந்திருந்தா அலையடிச்ச கடல்னு முடிச்சுட்டு அடுத்த வாரமே கிளம்பியிருப்பேங்க" என்று நீ போனில் சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த கையோடு ஒருவருடைய வாட்ச் முகப்பைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்து, அவர் திரும்பி வந்து கடை வாசலில் மானத்தை வாங்கிவிட்டார்.

டப்பாவிலிருந்த இன்னொரு கல்லை, அந்த இதய வடிவக் கல்லை, அத்தை குளியலறைக்கு எடுத்துப்போய்க் குதிகால் தேய்த்துவிட்டார். கேட்டால், "நல்லா சொரசொரன்னு இருந்துச்சு மாப்பிள்ளை, கடையில இந்த மாதிரி கிடைக்கறதில்ல" என்கிறார். இந்த வகை முள்ளெலி சேற்றுக்குள் புதைந்து வாழ்ந்தது என்று நீ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். "அதான் அழுக்கை இப்படி எடுக்குது" என்றார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, ஒரு வருஷம்தானே. நம் வீட்டைப் பின்னாளில் யாராவது தோண்டினால் அலையே அடிக்காத கடல் என்றுதான் எழுதுவார்கள். உன் செருப்பு விட்ட இடத்திலேயே கிடக்கு, உன் சீப்பை நகர்த்த மனசு வரல, டீயை இன்னும் ரெண்டு டம்ளர்ல ஊத்திட்டு ரெண்டையும் நானே குடிக்கறேன். கடையில சுத்திலும் இத்தனை கடிகாரம் ஓடுது, ஒண்ணாவது உன்னைச் சீக்கிரம் கொண்டு வருதா? சரி, விடு. இருந்து நிதானமாகத் தோண்டிவிட்டு வா.

உன் சுத்தியல் என்றும் கல்லின் மேலேயே விழட்டும், விரல் பக்கம் போகாதிருக்கட்டும்.

அன்புடன்,
உன் கணவன்

பி.கு.: அந்த உருண்டைக் கல்லை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். லென்ஸை எடுக்கும் முன் ஒரு வார்த்தை. டப்பாவைத் திறந்தபோது அது மொட்டையாகத்தான் இருந்தது, முள்ளெல்லாம் பஞ்சில் உதிர்ந்து கிடந்தது. என் கை பட்டுத்தான் உடைந்தது என்று பயந்துவிட்டேன். கைக்கு வந்த பொருளை உடைந்தபடியே திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, வாட்ச் கண்ணாடி ஒட்டும் பசையால் நான்தான் ஒட்டினேன். முள் உதிர்ந்தபடியேதான் மண்ணில் கிடைத்தது என்று உன் கூட்டாளி டப்பாவின் அடியில் எழுதி வைத்திருந்த சீட்டைப் பிறகுதான் பார்த்தேன். போன்ல நீ அவ்வளவு சந்தோஷமா பேசினே, சொல்ல வாய் வரல. அந்தக் கடல்ல நல்லாவே அலை அடிச்சிருக்கு. உன் மேலதிகாரி எப்படி வேணும்னாலும் திட்டட்டும். நீ மட்டும் போன்ல திட்டாதே, அடுத்த வாரம் நேர்ல வந்து திட்டு.